அம்மாவின் இதயத்தில் சத்தம் குறைந்திருக்கிறது: சந்தோஷப்படலாமா?

பம்புசெட்காரன் | வியாழன், இரவு 9.40

வணக்கம். இங்கே இதுவரை மோட்டாரில் காயில் எரிந்தது, பம்பில் இம்பெல்லர் தேய்ந்தது என்றுதான் எழுதியிருக்கிறேன். இன்று வீட்டு விஷயம்.

அம்மாவுக்கு 74 வயது. 2021-ல் முழங்கால் ஆபரேஷனுக்கு முன்னால் பரிசோதித்த டாக்டர், நெஞ்சில் வைத்த ஸ்டெத்தை எடுக்கவே இல்லை. "இவ்வளவு பெரிய சத்தம் இருக்கு, யாருமே சொல்லலையா?" என்று கேட்டு எக்கோவுக்கு (இதயத்துக்கு எடுக்கும் ஸ்கேன்) அனுப்பினார். அயோர்ட்டிக் வால்வு சுருக்கம்; அதாவது இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் வெளியேறும் வாசல் குறுகிவிட்டது. அதன் வழியே ரத்தம் பாயும் உச்ச வேகம் விநாடிக்கு 4.3 மீட்டர், சராசரி அழுத்த வித்தியாசம் 44 மி.மீ., வால்வு திறக்கும் பரப்பு 0.8 சதுர செ.மீ. வால்வு மாற்றச் சொன்னார்கள். அம்மா ஒரே பிடியாக மறுத்துவிட்டார். "நடக்கிறேன், சமைக்கிறேன், என்னை எதுக்குடா கிழிக்கணும்?"

போன வாரம் மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது என்று கூட்டிப்போனோம். இம்முறை வேறு டாக்டர். கேட்டுவிட்டு "லேசான மர்மர்தான்" என்றார். அந்தச் சத்தத்துக்குப் பெயர் மர்மராம். புது எக்கோ: வேகம் 3.3, வித்தியாசம் 26, பரப்பு 0.7, பம்பிங் (ஒரு துடிப்பில் இதயம் வெளியே தள்ளும் பங்கு) 30 சதவீதம்.

நான் பம்பு டெஸ்ட் பெஞ்சில் 22 வருஷமாக நிற்கிறவன். வேகம் குறைவு, அழுத்த இழப்பு குறைவு, சத்தம் குறைவு. இந்த மூன்றும் குறைந்தால் அடைப்பு விலகிவிட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவேன். ஆனால் அம்மாவால் திண்ணைப்படி மூன்று ஏற முடியவில்லை. எங்கே இடிக்கிறது?

சுண்டைக்காய் | வியாழன், இரவு 9.52

சத்தம் போடுகிற வண்டிதான் ஓடும் என்பார் எங்கள் மெக்கானிக். சும்மா சொன்னேன். விவரம் தெரிந்தவர்கள் சீக்கிரம் வாருங்கள்.

எக்கோ அறை | வியாழன், இரவு 10.15

பம்புசெட் அண்ணா, நான் மதுரைப் பக்கம் 14 வருஷமாக எக்கோ எடுக்கிறேன். டாக்டர் இல்லை, டெக்னீஷியன். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

பதில் உங்கள் பெஞ்சிலேயே இருக்கிறது. கேஜை மட்டும் பார்த்துவிட்டு, ஃப்ளோ மீட்டரைப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவீர்களா?

எக்கோ மெஷின் அழுத்தத்தை நேரடியாக அளப்பதில்லை. ரத்தம் பாயும் வேகத்தை டாப்ளர் முறையில் அளக்கிறது. அந்த வேகத்தை வர்க்கமாக்கி நான்கால் பெருக்கினால் மி.மீ. பாதரசத்தில் அழுத்த வித்தியாசம் வந்துவிடும். வேகத்தையும் அழுத்தத்தையும் இணைக்கும் பெர்னூலி சமன்பாட்டைச் சுருக்கி இப்படிக் கைக்கணக்கு ஆக்கியவர்கள் 1970-களில் நார்வேக்காரர்கள். அதற்கு முன் இதயத்துக்குள்ளேயே குழாய் விட்டுத்தான் பார்க்க வேண்டும். அம்மாவின் பழைய 4.3-ஐப் போட்டால் உச்ச வித்தியாசம் 74 வரும்; இப்போதைய 3.3-க்கு 44 வரும். ரிப்போர்ட்டில் இருக்கும் 44-உம் 26-உம் சராசரிகள், குழப்பிக்கொள்ளாதீர்கள். வேகம் கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் இறங்கியிருக்கிறது, வித்தியாசம் 40 சதவீதம் இறங்கிவிட்டது. வர்க்கம் செய்யும் வேலை.

வேகம் ஏன் இறங்கியது என்பதுதான் கேள்வி. ஒன்று, வாசல் பெரிதாகியிருக்க வேண்டும். இல்லையென்றால் தள்ளுகிறவர் தளர்ந்திருக்க வேண்டும். வாசல் 0.8-லிருந்து 0.7 ஆகியிருக்கிறது, பெரிதாகவில்லை. நல்ல அயோர்ட்டிக் வால்வு 3 முதல் 4 சதுர செ.மீ. வரை திறக்கும், அதையும் நினைவில் வையுங்கள். ரிப்போர்ட்டில் "ஸ்ட்ரோக் வால்யூம்" என்று ஒரு வரி இருக்கும், ஒரு துடிப்பில் வெளியே போகும் ரத்தத்தின் அளவு. பாருங்கள்.

பம்புசெட்காரன் | வியாழன், இரவு 10.31

இருக்கிறது. பழையதில் 75 மில்லி, புதியதில் 48.

இந்த வரியை நான் படிக்கவே இல்லை. பம்பு தேய்ந்துபோய் டெலிவரி குறைந்திருக்கிறது, நான் கேஜ் இறங்கியதைப் பார்த்து சந்தோஷப்பட்டிருக்கிறேன். இன்று தூக்கம் போச்சு.

ஸ்டெத் | வியாழன், இரவு 11.05

நான் இதயநோய்ப் பிரிவில் வேலை பார்க்கும் டாக்டர். உங்கள் அம்மாவை நான் பார்க்கவில்லை, அதனால் பொதுவாகத்தான் சொல்ல முடியும். நீங்கள் எழுதிய எண்களை எங்கள் பேச்சில் "லோ ஃப்ளோ, லோ கிரேடியன்ட்" என்போம். ஓட்டம் குறைந்ததால் வித்தியாசமும் குறைந்து தெரிகிற சுருக்கம். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வால்வு உண்மையிலேயே இறுகியிருக்கலாம். அல்லது இதயத் தசை வேறு காரணத்தால் தளர்ந்து, ஓரளவு சுருங்கிய வால்வைக்கூட முழுசாகத் திறக்கத் தெம்பில்லாமல் இருக்கலாம். பாதி திறந்த கதவைப் பார்த்து, தாழ்ப்பாள் துருப்பிடித்ததா, தள்ளுகிறவருக்குக் கை வலியா என்று தெரியாது இல்லையா? அதற்கு ஒரு பரிசோதனை இருக்கிறது. டோபுடமின் மருந்தை டிரிப்பில் மெதுவாக ஏற்றி, இதயத்தைக் கொஞ்சம் முடுக்கி, எக்கோவில் பார்ப்பது. ஓட்டம் கூடும்போது வாசல் விரிந்தால் குற்றவாளி தசை. வாசல் அப்படியே இருந்து வேகம் 4-ஐத் தாண்டினால் குற்றவாளி வால்வு.

சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மர்மரின் உரப்பை வைத்து நோயின் கடுமையை எடை போடாதீர்கள் என்று மாணவர்களிடம் தொண்டை வற்றச் சொல்கிறோம். 1933-ல் லெவின் என்பவர் கொடுத்த ஆறு படி அளவுகோலை இன்னும் பயன்படுத்துகிறோம்; நான்காம் படியில் கையை வைத்தாலே பூனை முனகுவதுபோல அதிர்வு தெரியும். ஆனால் அது உரப்பின் அளவுகோல், ஆபத்தின் அளவுகோல் அல்ல. அயோர்ட்டிக் சுருக்கத்தில் நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பது, அந்தச் சத்தம் துடிப்பின் எந்தக் கட்டத்தில் உச்சம் தொடுகிறது என்பதைத்தான். தாமதமாகத் தொட்டால் வாசல் இறுக்கம். அதன் பிறகு வர வேண்டிய, வால்வு மூடும் "டப்" மங்கியோ காணாமலோ போயிருந்தால் இதழ்கள் கல்லாகிவிட்டன என்று அர்த்தம். கழுத்து நாடியைத் தொட்டால் எழும்பவே யோசிக்கும்.

மூச்சு வாங்கத் தொடங்கிவிட்ட பிறகு மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிற நோய் இல்லை இது. இந்த வாரமே போங்கள்.

மதகடி | வெள்ளி, காலை 6.20

பொதுப்பணித்துறையில் 31 வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். தம்பி பம்புசெட்டுக்கு முதலில் தைரியம்.

இரவு பேசியதைப் படித்தேன். எனக்குத் தெரிந்த பக்கத்திலிருந்து சொல்கிறேன். மதகை முழுசாகத் திறந்துவிட்டால் வாய்க்காலில் தண்ணீர் சத்தமே இல்லாமல் போகும். ஷட்டரை முக்கால்வாசி இறக்கிப் பாருங்கள்: கீழ்ப்புறம் நுரைத்து, குமுறி, பத்தடி தூரத்துக்குப் பேச்சுக் கேட்காது. மேல்புறம் தண்ணீர் மட்டம் ஏறி நிற்கும். அந்த ஏறிய மட்டம்தான் அம்மாவின் இதயத்தின் இடது கீழறை கூடுதலாகச் சுமக்கும் அழுத்தம். இப்போது மேலணையிலேயே தண்ணீர் வரத்து குறைந்துவிட்டது என்று வையுங்கள். ஷட்டர் அதே இடத்தில்தான் இருக்கும், கீழே சத்தம் அடங்கிவிடும்.

இன்னொன்றும் பார்த்திருப்பீர்கள். அப்படிக் குமுறுகிற இடத்தில் சும்மா விட்டால் தரை பறிந்து குழியாகிவிடும். அதற்காகவே மதகுக்குக் கீழே கான்கிரீட்டில் ஏப்ரன் போடுகிறோம். மனித உடம்பில் ஏப்ரன் கிடையாது. இந்த வால்வுக்கு அப்புறம் வரும் பெரிய ரத்தக்குழாய்க்கு என்ன ஆகும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஸ்டெத் | வெள்ளி, காலை 7.45

அருமையான கேள்வி ஐயா. அதேதான் ஆகிறது. சுருங்கிய வால்வுக்கு அடுத்த பகுதியில் மகாதமனி புடைத்துக்கொள்வதை எக்ஸ்ரேயிலேயே பார்க்கலாம். பீய்ச்சி வரும் தாரை சுவரில் மோதுவதும், அந்த இடத்தின் ஓயாத அதிர்வும் காரணம் என்கிறார்கள். ஆனால் பிறவியிலேயே மூன்று இதழுக்குப் பதில் இரண்டு இதழோடு பிறப்பவர்களுக்கு (நூற்றுக்கு ஒருவர் இருவர்) சுவரின் தன்மையே பலவீனமாக இருக்கலாம் என்ற வாதமும் உண்டு. தாரையா, சுவரா என்ற சண்டை ஓயவில்லை.

வடமராட்சி | வெள்ளி, காலை 9.10

நான் யாழ்ப்பாணத்தில் பௌதிகம் கற்பிக்கிறேன். அண்ணை பம்புசெட், உங்கள் தாயார் சுகம் பெற வேண்டும்.

எனக்கு ஒரு சந்தேகம். வேகம், விட்டம், பாகுநிலை மூன்றையும் சேர்த்துக் கணிப்பது ரெனோல்ட்ஸ் எண். குழாய் ஒன்றில் அது 2000-ஐத் தாண்டினால் ஒழுங்கான அருவிக்கோட்டுப் பாய்ச்சல் குலைந்து கொந்தளிப்புப் பாய்ச்சல் வரும் என்றுதான் வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறோம். 1883-இல் ரெனோல்ட்ஸ் மான்செஸ்டரில் கண்ணாடிக் குழாயில் சாயம் விட்டுக் காட்டிய பரிசோதனை. சுகமான ஓர் ஆளின் மகாதமனிக்கு நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். விட்டம் 2.5 செ.மீ., உச்ச வேகம் விநாடிக்கு 1.2 மீற்றர், குருதியின் பாகுநிலை நீரைப்போல் நான்கு மடங்கு. ஏறக்குறைய 8000 வருகிறது! அப்படியென்றால் நம் எல்லோருடைய நெஞ்சிலும் கொந்தளிப்பு இருக்க வேண்டுமே? ஏன் எல்லோருக்கும் மர்மர் கேட்பதில்லை?

பம்புசெட்காரன் | வெள்ளி, மதியம் 1.15

சாப்பாட்டு இடைவேளையில் நானும் கணக்குப் போட்டேன் சார். அம்மாவின் வால்வில் 2021-ல் 0.8 சதுர செ.மீ. வாசல், விட்டம் 1 செ.மீ. என்று வைக்கலாம். வேகம் 4.3. எண் சுமார் 11,400 வருகிறது. ஆரோக்கியமான ஆளுக்கு 8000, அம்மாவுக்கு 11,400. இவ்வளவுதான் வித்தியாசமா? இந்த எண்ணை மட்டும் வைத்துப் பார்த்தால் இரண்டு பேருக்கும் ஒரே நோய் மாதிரி அல்லவா இருக்கிறது?

(டோபுடமின் டெஸ்ட் செவ்வாய்க்கிழமை. நேற்று இரவு எழுதிய எல்லோருக்கும் நன்றி.)

மதகடி | வெள்ளி, மாலை 5.30

இருவரும் குழாய்க் கணக்கை இதயத்துக்குப் போடுகிறீர்கள். 2000 என்பது நீளமான நேர்க்குழாயில், ஒரே சீராகப் போகும் ஓட்டத்துக்கு. இதயம் தள்ளுவது விட்டுவிட்டு. ஒரு துடிப்பில் ஏறத்தாழ 0.3 விநாடி பாய்ச்சல், அப்புறம் நிறுத்தம். ஓட்டம் முடுக்கம் பெறும்போது ஒழுங்கு குலைவது கஷ்டம். வேகம் தணியும்போதுதான் குலையும். முழுக் கொந்தளிப்பாக முற்றுவதற்குள் வால்வு மூடிவிடுகிறது.

சுருங்கிய வால்வில் நடப்பது வேறு. அங்கே இருப்பது குழாய் ஓட்டம் இல்லை, தாரை. சின்ன வாசலிலிருந்து பீய்ச்சி, நிற்கிற ரத்தத்துக்குள் நுழைகிறது. தாரையின் ஓரம் அறுத்துக்கொண்டு போகும் இடத்தில் ஒழுங்கு உடனே கெடும். அதற்கு 2000 எல்லாம் வேண்டாம், அதைவிட மிகக் குறைந்த எண்ணிலேயே கெடும். ஆகவே எண்ணைவிட வடிவம் முக்கியம்.

ஸ்டெத் | வெள்ளி, இரவு 9.30

ஐயா சொன்னதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். 1976-ல் ஸ்டீன், சப்பா என்ற இருவர் நோயாளிகளின் மகாதமனிக்குள்ளேயே, குழாய் நுனியில் சூடாக்கிய மெல்லிய உலோகப் படலத்தைப் பொருத்தி அனுப்பினார்கள். ரத்தம் வேகமாகப் பாய்ந்தால் படலம் அதிகம் ஆறும். அந்தச் சூடு இழப்பை வைத்து ஒரு புள்ளியில் வேகம் எப்படித் துடிக்கிறது என்று பார்க்கலாம். நல்ல வால்வு உள்ளவர்களிடமும் ஓட்டம் கண்ணாடிபோல இல்லை, கொஞ்சம் கலங்கத்தான் செய்தது. நோயுற்ற வால்வுக்கு மேலே கலக்கம் பல மடங்கு. அதாவது ஆரோக்கியத்துக்கும் நோய்க்கும் நடுவே கோடு கிழித்து, "இந்தப் பக்கம் அமைதி, அந்தப் பக்கம் கொந்தளிப்பு" என்று பிரிக்க முடியாது. அளவுதான் வேறு. அது காதுக்கு எட்டும் அளவைத் தொட்டால் மர்மர் என்கிறோம்.

ரத்தசோகை இருந்தாலும், கர்ப்ப காலத்திலும், காய்ச்சலிலும் நல்ல வால்விலேயே மெல்லிய மர்மர் கேட்கும். ஓட்டம் கூடுகிறது, ரத்தசோகையில் ரத்தம் நீர்த்தும் போகிறது. ஒல்லியான பிள்ளைகளிடம் கம்பியைச் சுண்டியது போன்ற ஒரு சத்தம் கேட்கும். பள்ளிக்கூட முகாமில் அதைக் கேட்டுவிட்டு "இதயத்தில் ஓட்டை" என்று அழுதுகொண்டு வருகிற அம்மாக்களை மாதத்துக்கு இரண்டு பேராவது பார்க்கிறேன். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது.

வடமராட்சி | வெள்ளி, இரவு 10.02

தெளிவு. நாளை வகுப்பில் 2000-ஐச் சொல்லும்போது கொஞ்சம் தயங்குவேன்.

எக்கோ அறை | வெள்ளி, இரவு 10.40

இங்கே நம் ஊர்ப் பாடப்புத்தகம் ஒரு குழப்பம் செய்திருக்கிறது என்று நினைக்கிறேன். பதினொன்றாம் வகுப்பில் நாங்கள் படித்தது "வரிச்சீர் ஓட்டம்", "சுழற்சி ஓட்டம்". யாழ்ப்பாணத்து சார் சொன்ன "கொந்தளிப்பு" எவ்வளவோ மேல். சுழல் என்பது வேறு, கொந்தளிப்பு என்பது வேறு. நல்ல வால்வு வேலை செய்வதே சுழலால்தான். நான் தினமும் திரையில் பார்க்கிறேன்.

அயோர்ட்டிக் வால்வின் மூன்று இதழ்களுக்கும் பின்னால் மூன்று குழிவுகள் உண்டு. 17-18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வல்சால்வா என்ற இத்தாலியரின் பெயரில் அழைக்கிறோம். ரத்தம் வெளியே பாயும்போது ஓரத்து ரத்தம் இந்தக் குழிவுகளுக்குள் மடங்கிச் சுழல்கிறது. சுவரோடு இதழ் ஒட்டிக்கொள்ளாமல் அந்தச் சுழல் முட்டுக் கொடுக்கிறது. பாய்ச்சல் தணியத் தொடங்கியதும் அதே சுழல் இதழை உள்பக்கம் தள்ளுகிறது. ரத்தம் இன்னும் முன்னால் போய்க்கொண்டிருக்கும்போதே கதவு மூட ஆரம்பித்துவிடுகிறது. பின்வாங்கி வந்து மோதி "டமார்" என்று அடைபடுவதில்லை.

இதை முதலில் யோசித்தவர் லியனார்டோ டா வின்சி. சுமார் 1513-ல். மாட்டு இதயத்தில் மெழுகை ஊற்றி அச்சு எடுத்து, அதை வைத்துக் கண்ணாடியில் மாதிரி செய்து, தண்ணீரில் புல் விதை கலந்து ஓடவிட்டால் சுழலைக் கண்ணாலேயே பார்க்கலாம் என்று குறிப்பு எழுதிவைத்தார். வரைந்த சுழல்கள் இன்றும் விண்ட்சர் கோட்டைச் சேகரிப்பில் இருக்கின்றன. கிட்டத்தட்ட 450 வருஷம் கழித்து, 1968-ல், ஆக்ஸ்ஃபர்டில் பெல்ஹவுஸ் என்பவர் மாதிரி வால்வில் சோதித்து அவர் சொன்னது சரி என்றார். இப்போது எம்.ஆர்.ஐ.யில் உயிருள்ள மனிதரிடமே அந்தச் சுழல் தெரிகிறது. அந்தப் படத்தை முதல்முறை பார்த்த அன்று வேலை முடிந்தும் நான் வீட்டுக்குப் போகவில்லை.

சுண்டைக்காய் | வெள்ளி, இரவு 10.48

மாட்டு இதயத்தில் மெழுகு ஊற்றியவரை வீட்டில் என்ன திட்டியிருப்பார்கள்.

மூலிகைமணி | சனி, காலை 5.50

நண்பர்களே, இவ்வளவு கணக்கு எதற்கு? மருதம்பட்டைக் கஷாயம் ஒரு மண்டலம் குடித்தால் வால்வில் படிந்த சுண்ணாம்பு கரைந்துவிடும். என் சித்தப்பாவுக்குக் கரைந்தது. கேட்பவர்களுக்குத் தனியே அனுப்புகிறேன்.

ஸ்டெத் | சனி, காலை 8.15

மணி அவர்களே, சித்தப்பாவின் முன்-பின் எக்கோ இரண்டையும் இங்கே போடுங்கள், பார்க்கிறோம். வால்வில் சேர்வது கெட்டில் உப்பு மாதிரி படிவு இல்லை. இதழுக்குள்ளேயே எலும்பு போல விளைகிறது. கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை தடுக்குமா என்று முறையான ஆய்வுகளாகவே 2005-லும் 2008-லும் பார்த்துவிட்டார்கள். மந்தப்படுத்தக்கூட இல்லை. எந்த மருந்துக்கும் இதுவரை கரையாததைக் கஷாயம் கரைக்கும் என்று, மூச்சுத் திணறுகிற ஒரு பெண்மணியின் மகனிடம் சொல்லாதீர்கள்.

நெறியாளர் | சனி, காலை 8.40

தனிச்செய்தியில் மருந்து விற்பனை இங்கே கிடையாது. அடுத்த முறை எச்சரிக்கை இருக்காது.

டிக்டிக் | சனி, காலை 11.20

நான் வால்வோடு வாழ்கிறவள். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சின்ன வயதில் தொண்டை வலி, மூட்டு வீக்கம். ருமாட்டிக் காய்ச்சல், இதய வால்வைக் கெடுக்கிற வகை. 21 நாளுக்கு ஒரு பெனிசிலின் ஊசி; பாதியில் விட்டுவிட்டோம். கல்யாணத்துக்கு அப்புறம் மைட்ரல் வால்வு (இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இருப்பது) சுருக்கம் என்றார்கள். 4 சதுர செ.மீ.க்கு மேல் திறக்க வேண்டியது ஒரு சதுர செ.மீ.கூடத் திறக்கவில்லை. முதலில் பலூன் வைத்து விரித்தார்கள். சில வருஷம் ஓடியது. அப்புறம் 2003-ல் செயற்கை வால்வு. சித்திரா வால்வு. திருவனந்தபுரத்தில் இதய அறுவை டாக்டர் வலியத்தான் தலைமையில் உருவாக்கியது, 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்கு வைத்தார்கள். அதற்கு முன் செய்த மூன்று மாதிரிகள் தோற்றுப்போய், நான்காவதுதான் நின்றதாம். கம்பி முறிந்தது, நீலக்கல் வட்டு உடைந்தது, கடைசியில் பிளாஸ்டிக் வட்டு. அதைப் படித்தபோது என் நெஞ்சில் இருப்பதன் மேல் ஒரு மரியாதை வந்தது.

ஆபரேஷனுக்கு முன் என் மர்மர் எப்படி இருக்கும் என்று ஒரு டாக்டர் என் காதிலேயே ஸ்டெத்தை மாட்டினார். தூரத்தில் இடி உருளுவதுபோல இருந்தது. இப்போது அது இல்லை. ராத்திரி மின்விசிறியை நிறுத்தினால் மெல்லிய டிக் மட்டும் கேட்கும். என் பேத்தி நெஞ்சில் காது வைத்துக்கொண்டுதான் தூங்குவாள்.

என் கேள்வி: மர்மர் போய்விட்டது, வால்வு நன்றாக ஓடுகிறது. பிறகு எதற்குத் தினமும் ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோம் மாத்திரை? ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்க மாதாமாதம் ஐ.என்.ஆர். குத்தல் எதற்கு? போன மாதம் முருங்கைக்கீரையை ஒரு வாரம் வளைத்துச் சாப்பிட்டதில் 1.6-க்கு இறங்கி, டாக்டரிடம் திட்டு.

எக்கோ அறை | சனி, மதியம் 12.30

அக்கா, கொந்தளிப்பின் இன்னொரு முகம் உங்கள் வால்வில் இருக்கிறது. சாயும் வட்டு திறக்கும்போது ஒரு பக்கம் பெரிய வழி, ஒரு பக்கம் சின்ன வழி. வேகமாகப் போகும் இடத்தில் ரத்த அணுக்கள் உரசுகின்றன. வட்டின் மறைவிலும் கீல் பக்கத்திலும் ரத்தம் தேங்கிச் சுற்றிக்கொண்டிருக்கிறது. உரசலில் தட்டணுக்கள் (ரத்தத்தை உறைய வைக்கும் அணுக்கள்) கிளறிவிடப்பட்டு, தேங்கின இடத்தில் உட்கார்ந்தால் ரத்தக்கட்டி. ஆற்றில் வேகமான இடத்தில் அரித்த மணல், வேகம் குறைந்த வளைவில் படிகிறதே, அது மாதிரி. நல்ல வால்வின் சுழல் துடிப்புக்குத் துடிப்பு தன்னைத் தானே கழுவிக்கொள்ளும். செயற்கை வால்வின் மூலைகளில் அது நடக்காது. 1960-ல் ஸ்டார், எட்வர்ட்ஸ் இருவரும் கொண்டுவந்த கூண்டுக்குள் பந்து வால்விலிருந்து இன்றுவரை இந்தத் துறையின் பெரிய போராட்டமே எங்கும் தேங்காமல், எங்கும் உரசாமல் ரத்தத்தை விடுவதுதான்.

அதனால் மாத்திரையை விடாதீர்கள். கீரையை நிறுத்த வேண்டாம், ஒரே அளவாகச் சாப்பிடுங்கள். முருங்கை ஏறினால் ஐ.என்.ஆர். இறங்கும்.

இரவுப்பணி | சனி, மாலை 6.00

நர்ஸ் பேசுகிறேன். டிக்டிக் அக்கா, பல் பிடுங்கப் போனால் முன்கூட்டியே வால்வு இருப்பதைச் சொல்லி ஆன்டிபயாடிக் கேளுங்கள். எங்கள் வார்டில் பல் வலியில் தொடங்கி ஆறு வாரம் ஊசியில் படுத்தவர்கள் உண்டு. பல்லிலிருந்து ரத்தத்தில் ஏறும் கிருமி வால்வில் போய் உட்காரும். ஆனால் தாரையின் நடுவில் ஒட்டாதாம். குறுகிய வாசலைத் தாண்டிய உடனே, அழுத்தம் குறைந்த பக்கத்தில்தான் குடியேறும். 1963-லேயே ராட்பார்ட் என்பவர் இதைச் சோதித்துக் காட்டியிருக்கிறார் என்று எங்கள் டாக்டர் ஒருமுறை பாடம் எடுத்தார்.

கொந்தளிப்புச் சத்தம் எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்கு: பி.பி. பார்க்கும்போது ஸ்டெத்தில் நாங்கள் கேட்கும் "தட், தட்" அந்த வகைதான். பட்டையை இறுக்கி ரத்தக்குழாயை நெரித்து, நாமே கொஞ்ச நேரம் ஒரு சுருக்கம் உண்டாக்குகிறோம். பட்டை முழுசாகத் தளர்ந்ததும் சத்தம் அற்றுப்போகும். 1905-ல் கொரோட்கோவ் கண்டுபிடித்தது.

பம்புசெட் அண்ணா, அம்மாவுக்கு ரத்த அளவு (ஹீமோகுளோபின்) எவ்வளவு?

பம்புசெட்காரன் | சனி, இரவு 8.10

8.6 சிஸ்டர். இரண்டு வருஷமாக இரும்புச்சத்து மாத்திரை. ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது. ஏன் கேட்கிறீர்கள்?

ஸ்டெத் | சனி, இரவு 9.55

சிஸ்டர் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார்.

மலம் கறுப்பாகப் போகிறதா என்று அம்மாவிடம் கேளுங்கள். 1958-ல் ஹைட் என்ற அமெரிக்க டாக்டர், அயோர்ட்டிக் சுருக்கம் உள்ள முதியவர்கள் சிலருக்குக் குடலில் காரணம் தெரியாத ரத்தக்கசிவு இருப்பதாக ஒரு சின்னக் கடிதம் எழுதினார். பல வருஷம் தற்செயல் என்றே நினைத்தார்கள். ரகசியம் பிறகுதான் தெரிந்தது. ரத்தம் உறைய உதவும் வான் வில்லபிராண்ட் என்ற புரதம் நூல்கண்டுபோலச் சுருண்டிருக்கும். இறுகிய வால்வின் வழியே பாயும்போது அந்த அறுக்கும் விசையில் கண்டு பிரிந்து நீள்கிறது. நீண்ட நூலை ரத்தத்தில் இருக்கும் ஒரு நொதி கத்தரித்துவிடுகிறது. துண்டான புரதத்தால் குடலில் உள்ள மெல்லிய குழாய்களின் கசிவை அடைக்க முடிவதில்லை. நெஞ்சில் ஒரு சதுர செ.மீ. வாசல், வயிற்றில் ரத்தம். வால்வை மாற்றினால் புரதம் சில நாளிலேயே மீள்கிறது, பலருக்குக் கசிவும் நிற்கிறது.

இதுதான் என்று நான் சொல்லவில்லை. 74 வயதில் ரத்தசோகைக்கு வேறு காரணங்களும் இருக்கலாம், அவற்றையும் பார்த்தாக வேண்டும். ஆனால் செவ்வாய்க்கிழமை உங்கள் டாக்டரிடம் இதைக் குறிப்பிடுங்கள்.

பம்புசெட்காரன் | செவ்வாய், இரவு 9.20

டெஸ்ட் முடிந்தது. மருந்து ஏற ஏற அம்மா "படபடன்னு வருதுடா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். திரையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். சிவப்பும் நீலமுமாக இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சளும் பச்சையுமாகச் சிதறிய பொட்டுகள். ஸ்ட்ரோக் வால்யூம் 48-லிருந்து 64-க்கு ஏறியது. வேகம் 4.2. சராசரி வித்தியாசம் 42. பரப்பு 0.7-லேயே நின்றுவிட்டது.

தாழ்ப்பாள்தான் துரு. கை வலி இல்லை.

மலத்தைப் பற்றிக் கேட்டதற்கு, "ஆமாம், அப்பப்போ கறுப்பா போகும், மாத்திரைனால இருக்கும்னு விட்டுட்டேன்" என்றார். இரும்பு மாத்திரைக்கும் அப்படிப் போகுமாம். குடல் டாக்டரையும் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

நெஞ்சைத் திறக்க வேண்டாம், தொடை வழியாகவே வால்வு வைக்கலாம் என்கிறார்கள். அம்மா யோசிக்கிறார்.

ஸ்டெத் | செவ்வாய், இரவு 10.30

அந்த முறையை 2002-ல் பிரான்சில் ருவான் நகரத்தில் க்ரிபியே என்பவர் முதன்முதலில் செய்தார். அப்போது ஆபரேஷனே முடியாது என்று கைவிடப்பட்டவர்களுக்கு மட்டும். இன்று உங்கள் அம்மாவின் வயதில் வழக்கமாகிவிட்டது. டோபுடமினில் ஓட்டம் கூடியதே, அது நல்ல அறிகுறி. தசையில் இன்னும் சரக்கு இருக்கிறது என்று அர்த்தம்.

டிக்டிக் | செவ்வாய், இரவு 10.41

அம்மாவிடம் என்னைப் பற்றிச் சொல்லுங்கள் தம்பி. 2003-லிருந்து ஓடுகிறேன்.

பம்புசெட்காரன் | ஐந்து வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 4.00

இழையை மேலே கொண்டுவருவதற்கு மன்னிக்கவும்.

போன வாரம் வால்வு வைத்தாகிவிட்டது. சம்மதிக்க வைத்தது டிக்டிக் அக்காவின் பேத்தி கதைதான். இருபது தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். பணம் புரட்டியது தனிக் கதை, அதை இன்னொரு நாள்.

மறுநாள் எக்கோ: உச்ச வேகம் 1.9, சராசரி வித்தியாசம் 8. இந்த முறை ஸ்ட்ரோக் வால்யூமைத்தான் முதலில் தேடினேன். 61. வால்வின் ஓரத்தில் பொட்டுப்போல ஒரு சின்னக் கசிவு இருக்கிறது, பரவாயில்லை என்கிறார்கள். என் பாஷையில் கேஸ்கட் சரியாக உட்காரவில்லை. கிணற்றில் புட்வால்வு லேசாக ஒழுகுவது மாதிரி. டாக்டரிடம் அப்படியே கேட்டேன். சிரித்துவிட்டு ஸ்டெத்தை என் காதில் மாட்டினார். முதலில் "லப்", அப்புறம் ஒரு சின்ன ஊதல், அப்புறம் "டப்". அந்த "டப்" முன்பு இல்லை என்றார்.

ரத்த அளவு 9.4. மாத்திரையாலா, புரதம் மீண்டதாலா என்று இன்னும் சொல்ல முடியாதாம். குடல் பரிசோதனை அடுத்த மாதம். அம்மா இன்று திண்ணைப்படி மூன்றும் ஏறி, மேலே நின்று, "மோட்டார் இப்ப சத்தமே இல்லாம ஓடுதா?" என்று கேட்டார். "இப்பத்தான் தண்ணி வருது" என்றேன்.

அடுத்த எக்கோ முப்பது நாள் கழித்து. ரிப்போர்ட் வந்ததும் ஃப்ளோவோடு சேர்த்துப் போடுகிறேன்.